நூலகத்தில் ஓவியக் கண்காட்சி: அனுமதிக் கடிதம் முதல் ஆணி கழற்றுவது வரை

ஓவியக் கூடத்துக்கு வருகிறவர் ஓவியம் பார்க்கவே வருகிறார். நூலகத்துக்கு வருகிறவர் செய்தித்தாள் வாசிக்கவும், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கவும், பிள்ளைக்குக் கதைப்புத்தகம் எடுக்கவும் வருகிறார். ஓவியம் அவர் கண்ணில் போகிற போக்கில் படுகிறது. பிடித்துப்போனால் மறுநாளும் வந்து பார்க்கிறார், ஏனென்றால் அவர் தினமும் அங்கே வருகிறவர். நகரத்துத் தனியார் ஓவியக் கூடம் எதற்கும் இந்தப் பார்வையாளர் கிடைப்பதில்லை. ஆகவே நூலகத்தில் கண்காட்சி வைப்பவர்கள் எந்த முடிவை எடுத்தாலும் இந்த வாசகரை முன்வைத்தே எடுக்க வேண்டும். அவர் படிப்பது கெடக்கூடாது. அவர் நடந்து போகும் வழியில் படம் தானாகக் கண்ணில் பட வேண்டும்.

மாவட்ட மைய நூலகம் அல்லது பெரிய கிளை நூலகம் ஒன்றில், உள்ளூர் ஓவியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, கற்பனைப் படைப்புகள் 30 வரை, பத்து நாள் காட்சிக்கு வைப்பதைக் கணக்கில் கொண்டு இதை எழுதியிருக்கிறோம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை 12 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அனுமதி வாங்கவும் படங்களுக்குச் சட்டம் (ஃபிரேம்) போடவும்தான் நாள் இழுக்கும், அவசரப்படுத்தினால் இரண்டுமே கெடும்.

முதலில் சுவர், பிறகு கடிதம்

அனுமதி கேட்கும் முன் இடத்தைப் பார்த்து அளந்துவிடுங்கள். அளவுநாடா, கைபேசி, ஒரு நோட்டு போதும். தொடர்ச்சியான சுவர் நீளம், ஜன்னல்கள், மின்விசிறிகள், பிளக் பாயின்ட்கள், தீயணைப்பான் இருக்கும் இடம், வெளியேறும் வழி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. அகலச் சட்டத்துக்கு 40 செ.மீ. இடைவெளி விட்டால் ஒரு படத்துக்கு 1 மீட்டர் ஆகிறது. 12 மீட்டர் சுவரில் 12 படம். இடைவெளியை 20 செ.மீ.க்குக் கீழே குறைத்து 16 படம் மாட்டினால் எந்தப் படமும் மனதில் நிற்காது.

பெரும்பாலான நூலகங்களில் சுவர் முழுக்கப் புத்தக அலமாரிதான் இருக்கும். அங்கே தடுப்புப் பலகைகள்தான் வழி. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகைகளைக் கீல் போட்டு ஆங்கில ‘வி’ எழுத்துபோல் மடித்து நிறுத்தினால் தாமாகவே நிற்கும். ஒரே நேர்வரிசையில் நிறுத்தினால் ஒரு பிள்ளை சாய்ந்தாலே விழுந்துவிடும். பலகைக்கும் அலமாரிக்கும் நடுவே சக்கர நாற்காலி போகவும் திரும்பவும் 1.5 மீட்டர் விடுங்கள். அலமாரியை மறைத்து எந்தப் பலகையும் நிற்கக்கூடாது. புத்தகம் எடுக்க முடியாத வாசகருக்கு ஓவியத்தின் மேல்தான் கோபம் வரும்.

அனுமதி

தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி மாவட்ட நூலகங்களை நிர்வகிப்பது அந்தந்த நூலக ஆணைக்குழு. கிளை நூலகரிடம் வாய்மொழியாகச் ‘சரி’ வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். நூலகர் மாறுதலாகிப் போனால் அந்தச் ‘சரி’யும் அவரோடு போய்விடும். நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். அந்த நூலகத்தில் வாசகர் வட்டம் செயல்பட்டால் அதன் பெயரில் விண்ணப்பிப்பது நல்லது. அலுவலகம் அவர்களை ஏற்கெனவே அறியும், கண்காட்சி நாட்களில் ஆள் நிற்கவும் அவர்கள் கைகொடுப்பார்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்த நாட்கள், எத்தனை படைப்பு, எந்த இடம் (கையால் வரைந்த தரைப்படம் இணைக்கலாம்), சுவரில் துளை போடுவீர்களா, மின்சாரம் எவ்வளவு, படைப்புகளுக்கு யார் பொறுப்பு, முடிந்தபின் இடத்தைப் பழையபடி ஒப்படைக்கும் நாள் எது என்பவை அதில் வரட்டும். படம் விற்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். விற்பனைக்கு அனுமதி இல்லையென்றால் விலை எழுதாமல், ஓவியரைத் தொடர்புகொள்ளும் வழியை மட்டும் ஒரு பட்டியலில் வைக்கலாம். பதில் எழுத்தில் வர வேண்டும்.

எந்த மாதம்

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். நூலகங்களே நிகழ்ச்சி தேடும் நாட்கள் என்பதால் அனுமதி எளிதாகக் கிடைக்கும், கூட்டமும் வரும். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் காற்றே நனைந்திருக்கும். நீர்வண்ணத் தாள் அலையலையாக நெளியும், சட்டத்தின் உட்புறம் பூஞ்சை பிடிக்கும். அந்த வாரத்தில்தான் வைக்க வேண்டுமென்றால் கான்வாஸ், மரம், சுடுமண் வேலைகளை அதிகமாகவும் தாள் வேலைகளைக் குறைவாகவும் எடுங்கள். வேறு நாள் கிடைக்குமென்றால் எங்கள் தேர்வு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை.

போட்டித் தேர்வு அறிவிப்புகளையும் பார்த்து நாள் குறியுங்கள். குரூப் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் நூலகத்தில் உட்கார இடமிருக்காது. அப்போது பலகை தூக்கி ஆணி அடிப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில் அரசுக் கட்டடத்தில் சிறப்பு விருந்தினரை வைத்துத் திறப்பு விழா நடத்துவது சிக்கலாகும். நூலகத்தின் வார விடுமுறையைக் கேட்டுக்கொண்டு, அதற்கு முந்தைய மாலை தொடங்கி விடுமுறை நாள் முழுக்க மாட்டும் வேலையை முடித்துவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

அழைப்பும் தேர்வும்

‘கற்பனை’ என்று மட்டும் அறிவித்தால் சூரிய அஸ்தமனமும் குடம் சுமக்கும் பெண்ணும் நிறைய வரும். அழைப்பிலேயே திசை காட்டுங்கள்: இல்லாத விலங்குகள், பார்க்காத ஊர்கள், கனவில் வந்தவை, நூறு ஆண்டு கழித்து நம் தெரு. நம் மண்ணில் இதற்கு வேர் இருக்கிறது. சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளியைச் செதுக்கிய தச்சர்களின் கோவில் பல மாவட்டங்களில் நிற்கிறது. பெண் முகமும் பசு உடலும் சிறகும் மயில் தோகையும் உள்ள காமதேனுவை வீட்டுப் பூஜையறைப் படத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இதைச் சொன்னால் கோலம் போடுகிறவரும், விளம்பரப் பலகை எழுதியவரும், ஓவியக் கல்லூரியில் படித்தவரும் ஒன்றுபோலப் புரிந்துகொள்வார்கள்.

ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று படைப்பு. நீள அகலம் சட்டத்தோடு சேர்த்து 90 செ.மீ.க்குள், எடை 6 கிலோவுக்குள். சொந்தக் கற்பனை என்று கையெழுத்திட்ட உறுதி வாங்குங்கள். இணையப் படத்தைப் பார்த்து வரைந்தது, கணினியே உருவாக்கியது ஆகியவற்றை ஏற்பீர்களா இல்லையா என்பதை முன்பே அறிவித்துவிடுங்கள். நூலகம் குழந்தைகளும் வரும் பொது இடம். எந்த உள்ளடக்கம் அங்கே வைக்க முடியாது என்பதை நூலகரோடு பேசி அழைப்பிலேயே எழுதுங்கள். மாட்டிய படத்தைத் திறப்பு விழா அன்று காலை கழற்றச் சொல்வது ஓவியருக்கு நேரும் பெரிய அவமானம். முன்கூட்டி எழுதிய இரண்டு வரி அதைத் தடுத்துவிடும்.

காப்புரிமை ஓவியருடையது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி அவர் ஆயுள் முழுதும், மறைவுக்குப் பின் 60 ஆண்டும் அது நிற்கும். படத்தை ஒருவர் வாங்கிவிட்டாலும், எழுதிக் கொடுக்காதவரை காப்புரிமை கைமாறாது. ஆகவே சுவரொட்டிக்கும் சமூக ஊடகத்துக்கும் படத்தைப் பயன்படுத்தத் தனியாக ஒப்புதல் வாங்குங்கள். சிறுவர் படைப்பு என்றால் பெற்றோர் கையெழுத்து தேவை. அட்டையில் முதல் பெயரும் வயதும் போதும், பள்ளியின் பெயரோ முகவரியோ வேண்டாம்.

சட்டம்: பாதிக் கண்காட்சி இங்கேதான் கெடுகிறது

தாள் ஓவியத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துச் சட்டம் போடுவது கடைகளில் நடக்கும் பொதுவான தவறு. ஈரக் காற்றில் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் தோலோடு வரும். நடுவில் மவுண்ட் அட்டை (ஓவியம் தெரியும்படி ஜன்னல்போல் வெட்டிய அட்டை) இருந்தால் காற்றுக்கு இடம் கிடைக்கும். மூன்று பக்கம் 5 செ.மீ., கீழே 6 செ.மீ. அகலம் பார்வைக்கு இதமாக இருக்கும். அமிலமற்ற அட்டையாகக் கேட்டு வாங்குங்கள், சாதா அட்டை சில ஆண்டுகளில் ஓவியத்தின் விளிம்பைப் பழுப்பாக்கிவிடும். செலோ டேப்பும் ஃபெவிகாலும் ஓவியத் தாளில் படவே கூடாது. தாளில் மடித்துச் செய்த முக்கோண மூலைக் கவ்விகளை அட்டையில் ஒட்டி, அவற்றுக்குள் ஓவியத்தைச் செருகினால் போதும். ஓவியத்தில் துளி பசைகூடப் படாது.

கண்ணாடியா, கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக்கான அக்ரிலிக் தகடா? 2 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ. 60 × 90 செ.மீ. படத்துக்குக் கண்ணாடி மட்டுமே 2.7 கிலோ ஆகிவிடும். அதே அளவு அக்ரிலிக் தகடு 1.3 கிலோ, விழுந்தாலும் சிதறாது. பொது நூலகத்தில் அக்ரிலிக் தகடுதான் பாதுகாப்பு. ஒரு விதிவிலக்கு உண்டு: கரி, பேஸ்டல் வேலைகளுக்கு அக்ரிலிக் ஆகாது. துடைத்தாலே அதில் நிலைமின்சாரம் ஏறும், அது தூளை ஓவியத்திலிருந்து இழுத்துத் தன் மேல் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்குக் கண்ணாடியே போட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த சுவரில் மாட்டுங்கள்.

சட்டத்தின் பின்னால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருபுறமும் ஆங்கில ‘டி’ வடிவ உலோக வளையம் திருகி, பின்னிய கம்பி கட்டுங்கள். படத்தின் எடையைப்போல் நான்கு மடங்கு தாங்கும் கம்பி வேண்டும். சணல், நைலான் கயிறு இரண்டும் இழுபட்டுத் தளரும். ரம்பம்போல் பல் வெட்டிய சிறு தகட்டுக் கொக்கி 2 கிலோவுக்கு மேல் எடை உள்ள எதற்கும் ஆகாது. கீழ் மூலைகளில் 4 மி.மீ. கனத்தில் கார்க் அல்லது ஃபெல்ட் வில்லை ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடினால் ஈரம் ஏறாது.

கான்வாஸுக்குக் கண்ணாடி வேண்டாம். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்திருக்க வேண்டும். தடித்துப் பூசிய இடங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். ‘நேற்றுத்தான் முடித்தேன்’ என்று வரும் எண்ணெய் ஓவியத்தை ஏற்காதீர்கள்.

பெற்றுக்கொள்ளும் நாள்

ஒரு மேசை, நல்ல வெளிச்சம், இரண்டு பேர். ஒவ்வொரு படைப்பையும் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை எனப் படமெடுத்து, ஏற்கெனவே இருக்கும் கீறல், உரிந்த வண்ணம், சட்டத்தின் பிளவு எல்லாவற்றையும் இரண்டு படிவத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு படிவம் ஓவியரிடம் இருக்கட்டும். திருப்பி எடுக்க வேண்டிய நாளும், ஓவியர் சொல்லும் மதிப்பும் அதிலேயே இருக்க வேண்டும். காப்பீடு எடுப்பதானால் ஓவியர் வீட்டுச் சுவரிலிருந்து மீண்டும் அதே சுவர் வரை உள்ள பயணத்தையும் சேர்த்து எடுங்கள். சேதம் பெரும்பாலும் ஆட்டோவிலும் மாடிப்படியிலும்தான் நடக்கிறது.

குமிழி உறை சுற்றும்போது குமிழிப் பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் வெயிலில் இளகிய அக்ரிலிக் வண்ணத்தில் வட்டவட்டமாகத் தடம் பதியும், அது போகாது. அக்ரிலிக் கான்வாஸ்கள் இரண்டை முகத்தோடு முகம் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பேக்கரியில் தட்டில் விரிக்கும் வழவழப்பான தாளை நடுவில் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும்.

மாட்டுவது

எடுத்தவுடன் ஆணி அடிக்காதீர்கள். எல்லாப் படங்களையும் சுவருக்குக் கீழே தரையில் துணி விரித்துச் சாய்த்து வைத்து, அரை நாள் இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் கோடியில் பெரிய, அழுத்தமான வண்ணமுள்ள படம் வரட்டும், வாசகரை உள்ளே இழுப்பது அதுதான். நுணுக்கமான கோட்டு ஓவியங்கள் நாளிதழ் மேசைக்கு அருகே, கிட்டப்போய்ப் பார்க்க வசதியான இடத்தில். ஒரே ஓவியரின் மூன்று படங்களும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவரின் பறக்கும் மீனும் இன்னொருவரின் நீந்தும் பறவையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இரண்டுமே உயிர்பெறும்.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருப்பது பெரியவர்களுக்கு ஏற்றது. குழந்தைகள் பிரிவென்றால் 120 செ.மீ. எல்லாப் படத்தின் மேல் விளிம்பையும் ஒரே கோட்டில் வைப்பதைவிட நடுப்புள்ளிகளை ஒரே கோட்டில் வைப்பதுதான் கண்ணுக்குச் சீராகத் தெரியும். ஆணியின் உயரத்துக்குக் கணக்கு இது:

நடுப்புள்ளி உயரம் + படத்தின் பாதி உயரம் − கம்பியை இழுத்துப் பிடித்தால் அதற்கும் சட்டத்தின் மேல் விளிம்புக்கும் உள்ள தூரம்.

60 செ.மீ. உயரப் படம், கம்பி 8 செ.மீ. கீழே நிற்கிறது என்றால் 150 + 30 − 8 = 172 செ.மீ. ஒவ்வொரு படத்துக்கும் கம்பியின் தூரம் வேறாக இருக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும். ஒரு ஆணிக்குப் பதில் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி அடித்தால் படம் சாயாது. அப்போது கம்பியையும் இரண்டு விரலால் அதே இடைவெளியில் தூக்கிப் பிடித்து அளக்க வேண்டும். ஒரு விரலால் அளந்தால் படம் கணக்கைவிட மேலே ஏறி நிற்கும்.

அரசுக் கட்டடச் சுவரில் துளைக்க அனுமதி கிடைப்பது அரிது. சுவரின் மேல் விளிம்பில் மரச்சட்டமோ இரும்புக் குழாயோ இருந்தால் அதிலிருந்து மெல்லிய சங்கிலி தொங்கவிட்டு ‘எஸ்’ கொக்கியில் மாட்டலாம். இங்கே ஒரு தொல்லை வரும்: மின்விசிறி. சங்கிலியில் தொங்கும் படம் விசிறிக் காற்றில் ஆடி, நாள் முழுக்கச் சுவரைத் தட்டிக்கொண்டே இருக்கும். படிக்கிறவர் விசிறியை நிறுத்தமாட்டார், நிறுத்தச் சொல்லவும் கூடாது. ஒரு படத்துக்கு இரண்டு சங்கிலி போட்டு, கீழ் விளிம்பை மீன்பிடி நரம்பால் பக்கத்துப் படத்தோடோ கீழுள்ள கொக்கியோடோ கட்டுங்கள்.

இருபக்க ஒட்டுநாடாவை நம்பாதீர்கள். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் அது ஒட்டுவது சுண்ணாம்புப் பொடியின் மேல்தான். காலையில் பிடித்திருக்கும், மதிய வெக்கையில் பொடியோடு சேர்ந்து கழன்று விழும். பிடித்துக்கொண்டே இருந்தால் இறக்கும்போது சுவரின் வண்ணத்தை உரித்துக்கொண்டு வரும்.

வெளிச்சம்

அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வைக்கின்றன. அதைப் படித்துவிட்டு நூலகத்தில் விளக்கைக் குறைக்கக் கேட்காதீர்கள், அங்கே படிக்க 300 லக்ஸாவது வேண்டும். நாளுக்கு 10 மணி நேரம், 10 நாள், 300 லக்ஸ் என்றால் மொத்தம் 30,000 லக்ஸ்-மணி. அருங்காட்சியகத்தில் 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம் வைத்த படம் 75 நாளில் பெறும் ஒளி இது. நல்ல வண்ணத்துக்குக் கெடுதல் இல்லை. நேரடி வெயிலின் கணக்கே வேறு. மணிக்கு 50,000 லக்ஸ்-மணிக்கு மேலே போகும், ஒரு காலை வெயிலே பத்து நாள் வெளிச்சத்தை மிஞ்சிவிடும். ஆகவே கிழக்கு, மேற்கு ஜன்னல் வெயில் எந்த மணிக்கு எந்தச் சுவரில் விழுகிறது என்று ஒருநாள் முழுக்கப் பார்த்துக் குறித்த பிறகே இடம் ஒதுக்குங்கள். ஸ்கெட்ச் பேனா, ஒளிரும் மை ஆகியவற்றில் செய்த படங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் வெளுக்கும்.

கூடுதல் விளக்கு வைப்பதானால் ஒளியின் நிற அளவு 4000 கெல்வின், வண்ணத்தைச் சரியாகக் காட்டும் குறியீடு 90க்கு மேல் உள்ள எல்.இ.டி. வாங்குங்கள். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வில் வைத்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பு குறையும்.

அட்டையும் புத்தகமும்

பெயர் அட்டை 10 × 7 செ.மீ., எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமல். தலைப்பு, ஓவியர் பெயர், ஊர், ஊடகம், உயரம் × அகலம், ஆண்டு. படத்தின் வலப்பக்கம், எல்லாம் ஒரே உயரத்தில். கற்பனைப் படத்துக்கு நீண்ட விளக்கம் எழுதிவைத்தால் பார்ப்பவர் அட்டையை வாசித்துவிட்டுப் போய்விடுவார். ஓவியர் சொல்ல விரும்பினால் இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம்.

நூலகத்தில் மட்டும் செய்யக்கூடியது ஒன்று உண்டு, இதை விட்டுவிட வேண்டாம் என்று வற்புறுத்துகிறோம். ஒவ்வொரு படத்துக்கும் அந்த நூலகத்திலேயே உள்ள ஒரு புத்தகத்தை நூலகரோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, அட்டையின் கீழே அதன் பெயரும் அடுக்கு எண்ணும் எழுதுங்கள். கடலடி நகரம் வரைந்த படத்துக்குப் பூம்புகார் அகழாய்வு நூல், யாளிப் படத்துக்குக் கோவில் சிற்ப நூல், எந்திரப் பறவைக்கு அறிவியல் புனைகதை. படத்தைப் பார்த்தவர் நான்கடி நடந்து அலமாரிக்குப் போக வேண்டும். புத்தகத்தையே படத்தின் கீழே வைத்தால் அது காட்சிப்பொருளாகிவிடும், இரண்டாம் நாளே இடம் மாறியும் போகும். எந்தப் புத்தகங்கள் அந்த நாட்களில் இரவலுக்குப் போயின என்று நூலகர் பதிவேட்டில் பார்க்கலாம். அடுத்த முறை அனுமதி கேட்க அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

குழந்தைகளுக்கு ‘படத்துக்கு ஒரு கதை’ எழுதும் துண்டுச்சீட்டுகளும் ஒரு பெட்டியும் வையுங்கள். ஓவியப் பட்டறை நடத்தினால் 20 பேருக்கு மேல் வேண்டாம். ஏ3 அளவில் 150 ஜி.எஸ்.எம். தாளும் ஆயில் பேஸ்டலும் கொடுங்கள். தண்ணீர்க் குவளையும் நீர்வண்ணமும் புத்தகம் இருக்கும் அறைக்குள் வரக்கூடாது.

காட்சி நாட்கள்

திறப்பு விழாவை வாசிப்பறைக்கு வெளியே, ஒலிபெருக்கி இல்லாமல், 40 நிமிடத்துக்குள் முடியுங்கள். தினமும் நூலகம் திறந்ததும் ஒருவர் பட்டியலோடு ஒரு சுற்று வர வேண்டும்: எண்ணிக்கை சரியா, எந்தப் படமாவது சாய்ந்திருக்கிறதா, கண்ணாடியின் உட்புறம் பனித்திருக்கிறதா. கான்வாஸ்களில் பல்லி எச்சம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பரவும். காயவிட்டு, மெல்லிய மரக்குச்சியால் நெம்பி எடுத்து, மீதியை உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். கறை நின்றால் ஓவியரிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள். தூசிக்கும் அதே தூரிகைதான், துணி வேண்டாம். மழை நாளில் சுவரில் ஓதம் தெரிந்தால் அந்தச் சுவரின் படங்களை அன்றே இறக்குங்கள்.

வாசகர்கள் கைபேசியில் படமெடுப்பார்கள். ஒப்புதல் தராத ஓவியரின் அட்டையில் சிறு குறி வைத்தால் போதும், காவலுக்கு நின்று தடுக்க வேண்டியதில்லை. ஃபிளாஷ் வேண்டாம் என்பதும் படிப்பவர்களின் கண்ணுக்காகத்தான்.

இறக்குவது

நூலகம் மூடிய பிறகு இறக்குங்கள். பெற்றுக்கொண்ட நாளின் படிவத்தையும் படங்களையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, ஓவியர் கையெழுத்து வாங்கியபின் கொடுங்கள். விற்ற படமும் முதலில் ஓவியர் கைக்குப் போய், அவர் வழியாக வாங்கியவரிடம் போகட்டும். மூன்று நாளுக்குள் எடுக்காத படைப்பை எங்கே வைப்பது என்பது அழைப்பிலேயே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் நூலகத்தின் கிடங்கு அறையில் கரையான் இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது.

அனுமதியோடு துளையிட்டிருந்தால் சுவர்ப் புட்டி வைத்து நிரப்பி, காய்ந்தபின் 180 எண் உப்புத்தாளால் தேய்த்து, அதே வண்ணம் பூசுங்கள். மாட்டும் முன் எடுத்த சுவரின் படத்தோடு ஒப்பிட்டு நூலகரிடம் காட்டுங்கள். வந்தவர்களின் எண்ணிக்கை, பட்டறைக் குழந்தைகளின் எண்ணிக்கை, இரவல் போன புத்தகங்களின் பட்டியல், ஆறு புகைப்படம் ஆகியவற்றை இரண்டு பக்க அறிக்கையாக்கி ஒரு வாரத்துக்குள் மாவட்ட நூலக அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.